நாயுண்ணி வேலி

சாப்பாட்டுக்கு முன்னால் இதைக் கையில் எடுத்தவர்கள், கண்ணுகளே, முதலில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். உங்களை வெறும் வயிற்றில் வைத்துக்கொண்டு இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனம் வராது. அந்தச் செடியின் நாற்றம் இப்போதும் என் மூக்கில்தான் இருக்கிறது.

ஐம்பத்தைந்தாம் வருசம், ஆவணி மாதம். வறண்ட கச்சான் காற்று அடித்து அடித்து எங்கள் ஊர் சாய்ந்தமருது முழுக்கப் புழுதியாகக் கிடந்தது. சுபஹுத் தொழுதுவிட்டு நான் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தேன். இன்னும் சரியாக விடியவில்லை. பக்கத்து வளவிலிருந்து ஸுலைஹாவின் குரல் கேட்டது.

"றஹீமா! ஏ றஹீமா! இஞ்ச ஓடி வாகா!"

நான் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடினேன். அவள் வெள்ளைச் சேலையோடு மாட்டின் பக்கத்தில் குந்தியிருந்தாள். பால் கறக்கிற செம்பு கவிழ்ந்து கிடந்தது. வலது கையைத் தன் உடம்பில் படாமல் தூரமாக நீட்டிப் பிடித்திருந்தாள். ஈரப் பப்படம்போல என்னவோ ஒன்று அந்தக் கையில் தொங்கியது.

"என்னகா அது?"

"தோல். கறக்க முந்தி முதுகத் தடவினன். கையோட வந்திட்டு."

சீதேவி என்கிற அந்தப் பசுவின் முதுகை நான் குனிந்து பார்த்தேன். தோல் உரிந்த இடம் சிவப்பாக, ஈரமாக, ஈ மொய்த்துக் கிடந்தது. அதிலிருந்து ஒரு வாடை வந்தது. புளித்த பாலும் புண் சீழும் கலந்த மாதிரி. வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு வேலிப் பக்கம் ஓடினேன். ஓடினேனே, அங்கே நின்றது அந்த நாயுண்ணிச் செடி. அதன் வாடையும் சேர்ந்து அடித்ததும் உள்ளே கிடந்தது எல்லாம் வெளியே வந்துவிட்டது.

ஸுலைஹாவின் கணவர் நூஹு ஆனி மாதத்தில் மூன்று நாள் காய்ச்சலில் மௌத்தாகியிருந்தார். கரைவலை இழுக்கிற மனுசன். பிள்ளையில்லை. அவர் விட்டுப் போனது சீதேவி ஒன்றைத்தான். கறுப்பும் வெள்ளையுமாகப் பெரிய திட்டுத் திட்டான பசு. அதன் பாலில் தயிர் வைத்து விற்றால் ஒரு பெண் யாரிடமும் கையேந்தாமல் இருக்கலாம். அது போனால் ஸுலைஹா தன் காக்கா, கூடப்பிறந்த அண்ணன் முகம்மது தம்பியின் அடுப்படியில், மதினி போடுகிற சோற்றைத் தின்றுகொண்டு கிடக்க வேண்டும். அவளுக்கு அதைவிட மண்ணைத் தின்பது மேல்.

இத்தா என்றால் உங்களுக்குத் தெரியும். புருசன் மௌத்தானவள் ஒதுங்கியிருக்கிற நாலு மாதமும் பத்து நாளும். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் அறையின் யன்னலுக்கெல்லாம் வெள்ளைத் துணியும் பாயும் கட்டி இருட்டாக்கி, அதற்குள் பெண்ணை இருத்துவார்கள். அந்நிய ஆண் கண்ணில் படக்கூடாது. கிணற்றடிக்கும் மாட்டடிக்கும் விடியும் முன்பும், பொழுது பட்டு மஃரிபுக்குப் பிறகும்தான் ஸுலைஹா வருவாள். ஆகவே இரண்டு மாதமாக அந்த மாட்டை அவள் நல்ல வெளிச்சத்தில் பார்க்கவேயில்லை.

இனி அந்த வேலியைப் பற்றிச் சொல்கிறேன்.

முகம்மது தம்பி கல்லோயா வாய்க்கால் வேலையில் வேலையை மேற்பார்க்கிற ஓவசியருக்குக் கீழே நின்றவர். இரண்டு வருசத்துக்கு முன்னால் யாரோ ஒரு துரையின் வங்களா முற்றத்திலிருந்து ஒரு கட்டுக் கம்பு வெட்டிக்கொண்டு வந்தார். தங்கச்சியின் வளவைச் சுற்றி நட்டார். தென்னோலை பின்னிய கிடுகு வேலி வருசத்துக்கு வருசம் கட்ட வேண்டும், இது ஒருதரம் நட்டால் போதும் என்றார். நட்ட கம்பு எல்லாம் பிடித்துக்கொண்டது. தண்ணீர் ஊற்றவில்லை, உரம் போடவில்லை. கடற்கரை உப்பு மணலில் முருங்கையே முகம் சுளிக்கும், இது சிரித்துக்கொண்டு வளர்ந்தது. வெயில் எவ்வளவு கொளுத்துகிறதோ அவ்வளவுக்குத் தழைத்தது. எங்கள் புளியமர நிழலுக்குள் நீண்ட கொப்பு மட்டும் வெளிறிப்போய் நின்றது. வளைந்து மண்ணில் தொட்ட கொப்பெல்லாம் தொட்ட இடத்திலேயே வேர்விட்டது. ஒரு வருசத்தில் ஆள் உயரம். மறு வருசம் நாய்கூட நுழையாத பற்றை.

பார்க்க அழகுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரே கொத்தில் நடுவே மஞ்சள் பூ, சுற்றிவர ரோசாப் பூ. மஞ்சளாக விரிந்த பூவே வயதாக ஆக நிறம் மாறிவிடும். ஊர்ப் பெண்கள் வந்து வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். ஆனால் கிட்டப்போய்த் தொட்டுப் பாருங்கள். தண்டு நாலு மூலை வைத்தது, மூலைக்கு மூலை கீழ்நோக்கி வளைந்த முள். கையை உள்ளே விட விடும், எடுக்க விடாது. இலை சோடி சோடியாக எதிரெதிரே நிற்கும், பூனை நாக்குப்போலச் சொரசொரக்கும். அதைக் கசக்கினீர்களோ, பூனை மூத்திரத்தில் மண்ணெண்ணெய் கலந்த வாடை. மூன்று தரம் சவுக்காரம் போட்டாலும் விரலை விட்டுப் போகாது. பச்சை மணிபோலக் காய்த்து, கறுத்து, பளபளவென்று பழுக்கும். கொண்டைக் குருவி அதைத் தின்றுவிட்டு ஊரெல்லாம் எச்சமிடும். எச்சமிட்ட இடமெல்லாம் நாயுண்ணி முளைக்கும். அதன் அடியிலோ ஒரு புல்லும் முளைக்காது.

"எண்ட வேலிய மாடு கடிக்காது, ஆடு கடிக்காது" என்று முகம்மது தம்பி பள்ளிவாசல் வாசலில் நின்று பெருமை அடிப்பார். ஏழு வளவுக்காரர் அவரிடம் கம்பு வாங்கி நட்டிருந்தார்கள்.

நூஹு மௌத்தான அன்றே அவர் இன்னொரு வேலையும் செய்தார். சீதேவி தெருப்பக்கத்துப் புளியமர நிழலில் கட்டி நிற்கிற மாடு. என் வளவு மரம்தான், நிழல் அந்தப் பக்கம் விழும். அங்கே பால் கறந்தால் தெருவில் போகிற ஆண்கள் கண்ணில் தங்கச்சி படுவாளாம். மாட்டை அவிழ்த்துக்கொண்டு போய்ப் பின்பக்கம், வேலியோரம், முழு வெயிலில் கட்டையடித்துக் கட்டினார். நூஹு இருந்தபோது நாள்தோறும் வெட்டைவெளிக்கு மேய்க்கக் கொண்டுபோவார். இப்போது கொண்டுபோக ஆளில்லை. நானும் என்னைக் கட்டிய மாப்பிள்ளையும் முடிந்த அன்று ஒரு கட்டுப் புல் போடுவோம். கச்சானில் புல்லுக்கு எங்கே போவது? வளவு முழுக்கப் பச்சையாக நின்றது அந்த வேலி ஒன்றுதான்.

தோல் உரிந்த அன்று காலையில் முகம்மது தம்பி வந்து பார்த்தார். மூக்கைச் சால்வையால் மூடிக்கொண்டே பார்த்தார்.

"கண்ணூறு. பால்மாட்டுல ஊர்க் கண்ணு பட்டிரிக்கி" என்றார்.

பள்ளிவாசல் லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கி வந்து தெளித்தார். அடுத்த நாள் மாட்டின் முகமே வீங்கிப்போயிற்று. மூக்கு வெடித்து நீர் வடிந்தது. கண்ணின் வெள்ளை மஞ்சள் கிழங்குபோல மஞ்சளித்துவிட்டது. காதோரத்துப் புண்ணில் புழு நெளிந்தது. ஸுலைஹா சுள்ளியால் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். நான் குப்பி விளக்கைப் பிடித்துக்கொண்டு முகத்தை அங்காலே திருப்பிக்கொண்டேன். பால் அறவே நின்றுவிட்டது.

"கச்சிமுகம்மதுக்குச் சொல்லிட்டன்" என்றார் முகம்மது தம்பி, அறை வாசலில் நின்று. கச்சிமுகம்மது என்பது எங்கள் ஊர் இறைச்சிக்கடைக்காரர். "பின்னேரம் அசறுக்குப் பொறகு வருவான். செத்தாப் பொறகு ஹறாம், ஒண்டுக்கும் உதவாது. உசிரோட அறுத்தா இறைச்சியாவது மிஞ்சும்."

"அந்தப் புழுத்த இறைச்சிய ஆருக்குத் திண்ணக் குடுக்கப் போறீங்க காக்கா?" என்று உள்ளே இருந்து ஸுலைஹா கேட்டாள்.

"கழுவினாச் சரிதானே."

அறுத்து, கழுவி, கூறு போட்டு, யாரோ ஒரு ஏழை வீட்டுச் சட்டிக்கு அனுப்பத்தான் அந்த மனுசனுக்கு யோசனை போயிற்று. அதற்குப் பிறகு என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர் போனதும் ஸுலைஹா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெரியநீலாவணைப் பக்கம் மாட்டுக்கு ஊசி போட ஒராள் வந்து நிக்கிறாராம் எண்டியே. ஒண்ட மாப்பிளய அனுப்புகா. அசறுக்கு முந்தி."

என் மாப்பிள்ளை சைக்கிளில் போய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நேசராசா என்று பேர். கல்முனை மெதடிஸ்த சபைக்காரர். அரசாங்க மாட்டு டொக்டரின் கீழே வேலை. காக்கிச் சட்டையும் தோல் பையுமாக வந்தவர், இத்தா வீடு என்று தெரிந்ததும் வளவுக்குள் கால் வைக்கவில்லை. வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். ஸுலைஹா உள்ளே, அறையின் பின்கதவுக்குப் பின்னால். இடையில் நான்.

"மூத்திரம் என்ன நிறம் எண்டு கேளுங்கோ" என்றார் அவர்.

நான் திரும்பி, "மூத்திரம் என்ன நிறமாம்?" என்றேன்.

"எனக்குக் கேட்டதுதானேகா. தேத்தண்ணி நிறம்."

"தேத்தண்ணி நிறமாம்" என்றேன் நான் வேலியைப் பார்த்து.

"அது எனக்கும் கேட்டது தங்கச்சி" என்றார் நேசராசா. "நீங்க நடுவில நிண்டு களைச்சுப் போகாதீங்கோ. உரிஞ்சது வெள்ளையில மட்டுமா, கறுப்பிலயும் உரிஞ்சிருக்கா?"

இரண்டு நாளாக அந்த மாட்டோடு கிடந்தும் இந்தக் கேள்வி எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் போய்ப் பட்டப்பகலில், மூக்கைப் பொத்திக்கொண்டு, கிட்டப் பார்த்தேன். வெள்ளைத் திட்டு அத்தனையும் தோலுரிந்து தொங்கியது. கறுப்புத் திட்டு ஒன்றிலும் ஒரு கீறல் இல்லை. யாரோ அளந்து கோடு போட்டதுபோல, வெள்ளை முடிந்து கறுப்புத் தொடங்குகிற இடத்தில் புண் நின்றுவிட்டது.

"வெள்ளையில மட்டும்தான்" என்றேன்.

நேசராசா ஒரு இலையைப் பிடுங்கிக் கசக்கி மோந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, கையைக் காற்சட்டையில் துடைத்தார். "இது நம்மட மண்ணுச் செடி இல்ல தங்கச்சி. எங்கேயோ கடலுக்கு அங்காலே இருந்து வெள்ளைக்காரன் பூவுக்காகப் பேராதனைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தது. நூறு வருசத்துக்கு மேல. இப்ப காடெல்லாம் இதுதான். பசியில்லாத மாடு இதை மோந்துபோட்டுப் போயிரும். பசியில கட்டிப் போட்டா என்ன செய்யும்? இந்த இலை ஈரலைக் கெடுக்கும். ஈரல் கெட்டா வெயில் தோலை எரிக்கும். கறுப்புத்தோல் தாங்கும், வெள்ளை தாங்காது. வேலியை உள்பக்கத்தால ஒருக்காப் பாருங்கோ."

பார்த்தேன். கட்டையிலிருந்து கயிறு எட்டுகிற தூரம் எதுவோ, அதுவரைக்கும் வேலி அரைவட்டமாகக் கடிபட்டிருந்தது. வெளியே பார்க்கப் பூவும் காயுமாகத் தழைத்து நின்ற வேலி, உள்ளே வெறும் முள்ளும் ஈர்க்குமாய் மொட்டையாக நின்றது. கயிறு எட்டாத இடத்தில் ஒரு இலை குறையவில்லை.

"பேதி உப்புத் தாறன், கரைச்சுப் பருக்குங்கோ. புண்ணுக்கு வேப்பெண்ணெய். ஆனா மருந்து அதில்ல. மருந்து இருட்டுத்தான். மூண்டு கிழமைக்கு ஒரு சொட்டு வெயில் படக்கூடாது. இருட்டான கொட்டில் இருக்கா?"

கொட்டிலா? நாலு கம்பும் மேலே பத்துக் கிடுகும். எல்லாப் பக்கத்தாலும் வெயில். நான் வாயைத் திறக்கும் முன்னால் கதவுக்குப் பின்னாலிருந்து ஸுலைஹா சொன்னாள்:

"இரிக்கி."

அந்த நேரம் பார்த்து முகம்மது தம்பி வந்து சேர்ந்தார். பின்னால் கச்சிமுகம்மது, கையில் கயிறு. நான் அவரைக் கூப்பிட்டு அந்த அரைவட்டத்தைக் காட்டினேன்.

"அது கச்சானுக்குக் காஞ்சது" என்றார்.

"கச்சான் கயிறு பிடிச்சு அளந்தா காயுது?" என்றேன். வேலிக்கு அப்பால் நேசராசா இருமினார்.

"எண்ட வேலியில பழி போடாதகா. ஏழு வளவுக்குக் கம்பு குடுத்திரிக்கன்."

அப்போதுதான் கதவு திறந்தது. இரண்டு மாதமாகப் பகலில் வெளியே வராதவள், தலையிலிருந்து கால்வரை ஒரு வெள்ளை விரிப்பைப் போர்த்திக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள். எனக்குத் தொண்டை கிழியச் சத்தம் வந்தது: "ஆம்புளயெல்லாம் அங்காலத் திரும்புங்க!"

நேசராசா தெருப்பக்கம் திரும்பினார். கச்சிமுகம்மது கிணற்றைப் பார்த்துத் திரும்பினார். காக்கா மட்டும் திரும்பத் தேவையில்லை, சொந்த ஆணல்லவா. அவர் அறை வாசலில் போய்க் குறுக்கே நின்றார். ஸுலைஹா மாட்டை அவிழ்த்து இழுத்துக்கொண்டு வந்தாள். அது ஒவ்வொரு அடிக்கும் நின்றது. நின்ற இடமெல்லாம் மணலில் நீர் சொட்டியது.

"மாட்டக் கொண்டு இத்தா அறைக்குள்ளயா? பைத்தியமா புள்ள ஒனக்கு?"

"இந்த வீட்டுல வெளிச்சம் படாத இடம் இது ஒண்டுதான். நீங்கதான் கட்டித் தந்த."

"ஊர் சிரிக்கும்!"

"ஏன் சிரிக்கும்? சீதேவியும் பொம்புளதானே காக்கா. அந்நிய ஆம்புளயா உள்ளுக்கு வருது?"

கிணற்றைப் பார்த்து நின்ற கச்சிமுகம்மதுவின் தோள் குலுங்கியது. சிரிப்பு. "தம்பி, வழிய விடு" என்றார் அவர், திரும்பாமலே. "இந்த வாடைக்கு நான் கத்தி வைக்க மாட்டன். பொறகு எண்ட கடைப்பக்கம் ஒருத்தன் வரமாட்டான்." கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். முகம்மது தம்பியின் முழங்கையில் மாட்டின் வீங்கிய மூக்கு உரசியது. அவர் தீயில் பட்டதுபோல விலகினார். சீதேவி உள்ளே போயிற்று.

அதன் பிறகு அந்த அறையில் நடந்ததை முழுக்கச் சொன்னால் என் பிள்ளைகள் நீங்கள் இரண்டு நாளைக்குச் சோறு தின்ன மாட்டீர்கள். கொஞ்சம்தான் சொல்கிறேன். யன்னல் மூடிய அறை. உள்ளே ஒரு பெண்ணும் அழுகிய மாடும். பேதி உப்புக் குடித்த மாடு. சாணியை அள்ளிக் கடகப் பெட்டியில் போட்டுக் கதவால் நீட்டுவாள், நான் வாங்கிக் கொட்டுவேன். தொழுகைப் பாயை மட்டும் அடுப்படிக்கு மாற்றிக்கொண்டாள். செத்த தோலை உரித்து எடுத்து, இருட்டில் கைத்தடவலாகவே வேப்பெண்ணெய் பூசினாள். முகம்மது தம்பியின் பெண்சாதி, மதினி உம்மு, துக்கம் விசாரிக்க வந்து, வாசற்படியிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு, "என்னகா, மையித்து இன்னும் எடுக்கலயா?" என்று பிணம் கிடக்கிற வீட்டில் கேட்பதுபோலக் கேட்டுவிட்டுத் திரும்பினாள். அவள் கொண்டையில் ஒரு கொத்து நாயுண்ணிப் பூ இருந்தது. எனக்கு அதைப் பார்க்கத்தான் சாணியைவிட அருவருப்பாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் சீதேவி தவிட்டுக் கஞ்சியை நக்கியது. மூன்றாம் கிழமை முடிய, புண் வாடி, இளஞ்சிவப்பாக மெல்லிய தோல் மூடியது. அதற்குப் பிறகும் ஸுலைஹா அதை வெளியே விடவில்லை. பொழுது பட்டதும் என் மாப்பிள்ளை புளியமரத்தடிக்குக் கொண்டுபோய் நடத்திவிட்டுக் கொண்டுவருவார். ஐப்பசியில் அவளுக்கு இத்தா முடிகிற நாள் வரைக்கும் அதுவும் அவளோடு இருட்டில் இருந்தது. பால் வரவில்லை. ஆனால் உயிர் இருந்தது. அடுத்த ஈற்றுக்குப் பால் வரும் என்று நேசராசா சொல்லியனுப்பியிருந்தார்.

இத்தா முடிந்த அன்று குளித்து, நிறச்சேலை உடுத்து, பட்டப்பகலில் ஸுலைஹா வெளியே வந்தாள். முகம்மது தம்பி வழக்கப்படி பலகாரத் தட்டும் புதுச்சேலையுமாக வந்திருந்தார். ஒரு வாரமாக மழை பெய்திருந்தது. அவள் நேரே பின்பக்கம் போனாள். நானும் போனேன். அந்த அரைவட்டத்தைத் தேடினோம். காணவில்லை. கடிபட்ட ஈர்க்கெல்லாம் துளிர்த்து, மூடி, முன்னைவிட அடர்ந்து, மஞ்சளும் ரோசாவுமாகச் சிரித்துக்கொண்டு நின்றது. மாட்டின் முதுகில் இன்னும் மயிர் முளைக்கவில்லை.

ஸுலைஹா அதன்மேல் காறித் துப்பினாள். அவள் துப்பி அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

"காக்கா, இதப் புடுங்கணும்."

"வெட்டி உடுவமே. ஆளப் புடிச்சு..."

"வெட்டினா இன்னும் தழைக்கும். வேரோட புடுங்கணும். நட்ட கையாலயே புடுங்குங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் மண்வெட்டியை நீட்டினேன். பெருநாள் சட்டை போட்டு வந்த மனுசன் அதைக் கழற்றிக் கிணற்றடியில் போட்டுவிட்டு இறங்கினார். நடுப்பகல் லுஹர் வரைக்கும் பாதி வேலிதான் சரிந்தது. முள் கீறி முழங்கை வரை இரத்தம். பிடுங்கிப் போட்ட பச்சையிலிருந்து எழும்பிய வாடையில் எங்கள் மூன்று பேருக்கும் தலை சுற்றியது. திறந்துபோன பக்கத்தால் தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஸுலைஹா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

பிறகு சாப்பிட உட்கார்ந்தோம். முகம்மது தம்பி சாம்பல் போட்டுக் கை கழுவினார். புளி போட்டுக் கழுவினார். சவுக்காரம் போட்டுக் கழுவினார். சோற்றைப் பிசைந்து ஒரு பிடி வாய்க்குக் கொண்டுபோனார். பாதியில் கை நின்றது. கண்ணைச் சுருக்கி, மூக்கைச் சுளித்து, பிடியைத் தட்டில் வைத்துவிட்டு எழும்பிப் போய் மறுபடி கழுவினார். வந்தார். மறுபடி பிடியை எடுத்தார். மறுபடி வைத்தார்.

மூன்றாம் தரம் அவர் கிணற்றடியிலிருந்து திரும்பி வரும்போது, ஸுலைஹா அவர் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கரண்டி வைத்திருந்தாள்.

"அது கழுவினாப் போகாது காக்கா" என்றாள். "திண்ணுங்க. திண்டுட்டு மத்தப் பாதியையும் புடுங்கணும். பொறகு அந்த ஏழு வளவும் இரிக்கி."

அவர் கரண்டியை எடுத்தார்.